டியூபில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

கரப்பானுக்கும் ஒவ்வாமைத் தடிப்புக்கும் நாம் பூசும் ஸ்டீராய்டு களிம்பின் டியூபை ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒன்றில் 'ஹைட்ரோகார்ட்டிசோன் 1%' என்றிருக்கும். இன்னொன்றில் 'குளோபெட்டசோல் 0.05%' என்றிருக்கும். எண்ணில் பெரியது முதலாவது. ஆகவே அதுதான் கடுமையானது என்று எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறு. முதலாவது மிக மென்மையான வகையைச் சேர்ந்தது. இரண்டாவதோ மிகக் கடுமையான வகை.

எண் சொல்வது களிம்பில் கலந்துள்ள மருந்தின் அளவை மட்டுமே. வீரியம் எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. கோலா தெர்லாவில் விளையும் குடைமிளகாய் ஒன்றுக்குப் பதிலாக அதே எடைக்குச் சிலி பாடியை அள்ளிப் போட்டால் குழம்பு என்னாகும்?

1962இல் மெக்கன்சி, ஸ்டவ்டன் என்ற இருவர், களிம்பு பட்ட தோல் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்து வீரியத்தை ஒப்பிட வழி கண்டனர். இன்று பொதுவாக நான்கு படிகள் சொல்வார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மென்மை, குளோபெட்டசோன் 0.05% நடுத்தரம், பெட்டமெத்தசோன் வேலரேட் 0.1% கடுமை, குளோபெட்டசோல் 0.05% மிகக் கடுமை. 'சோன்', 'சோல்' என்ற வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? எண் ஒன்றே, பெயரும் ஏறக்குறைய ஒன்றே. வீரியத்திலோ இரண்டு படி தூரம்!

பக்கத்து வீட்டு டியூபை இரவல் வாங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. மழையில் நனைந்த பூட்ஸுக்குள் காலில் வருவது பெரும்பாலும் பூஞ்சையால் வரும் படை. அதில் ஸ்டீராய்டு பூசினால் அரிப்பும் சிவப்பும் அடங்கும்; பூஞ்சையோ உள்ளே சுகமாகப் பரவும். இந்தியாவில் இப்படிப் படை முற்றிப் போனவர்கள் ஏராளம். 2018இல் அங்கே 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள்.

அதற்காகப் பயந்துகொண்டு, டாக்டர் கொடுத்ததைக் கடுகளவு தொட்டு வைப்பதும் வீண். பெரியவர் ஒருவரின் ஆட்காட்டி விரலில் நுனி முதல் முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். முகத்திலும் குழந்தையின் தொடையிடுக்கிலும் தோல் மெல்லியது; அங்கே கடுமையான வகையை நீங்களாகப் பூச வேண்டாம். நாப்கினால் மூடிவிட்டால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும்.

கடுமையான களிம்பை மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் திடீரென்று நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள். கிளினிக்கிற்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ போகும்போது, வீட்டிலுள்ள டியூப்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; காலியான டியூபாக இருந்தாலும் சரி.