புல் ஏன் வெளுக்கிறது? வேரைக் கேளுங்கள்!



நம்மில் பலபேர் வீட்டு வாசலுக்கு எதிரே, தொட்டித் தண்ணி பாயுகிற இடத்திலே, பத்து சென்ட் தீவனப்புல் போட்டு வைத்திருக்கிறோம். பெரும்பாலும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் கோ-4 ரகத்தையும், 2012-இல் கோ-5 ரகத்தையும் வெளியிட்டது. நன்றாகப் பராமரித்தால் பத்து சென்ட் புல் ஒரு கறவை மாட்டுக்குப் பசுந்தீவனம் கொடுத்துவிடும். அந்தப் பத்து சென்ட் படுத்துவிட்டால்? வைக்கோலையும் தவிட்டையும் கடனுக்கு வாங்க வேண்டியதுதான். பால் சொசைட்டியிலே வருகிற காசு அப்படியே தீவனக் கடைக்குப் போய்விடும். அதனால் நலிந்துபோன புல்லை எப்படிப் பரிசோதித்து, எப்படித் தேற்றுவது என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

ஒரு விவசாயி வந்து சொன்னார்: “புல்லு திட்டுத் திட்டா காயுதுங்க. ரெண்டு தடவை யூரியா போட்டுட்டேன். போடப் போட இன்னும் கருகுதுங்க.”

“காய்ந்த தூர் ஒண்ணைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்களே.”

போய் இழுத்தோம். தூர் அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியிலே வேரே இல்லை. மண்ணைக் கிளறினால் பிறை மாதிரி சுருண்ட வெள்ளைப் புழுக்கள். வேரில்லாத பயிருக்கு யூரியா போட்டால், வாய் இல்லாதவனுக்கு விருந்து வைத்த கதைதான். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? காரணம் தெரியாமல் மூட்டையைப் பிரிக்கக் கூடாது.

பரிசோதனைக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கண், கை, ஒரு கம்பி, ஒரு மண்வெட்டி போதும்.

முதலில் கண்ணால் பாருங்கள். வயல் முழுக்க ஒரே சீராக வெளுத்து, அடி இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துப் பற்றாக்குறை. அடி இலை பச்சையாக இருந்து, குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலே இது அதிகம். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மண்ணையும் கிணற்றுத் தண்ணியையும் சந்தேகப்படுங்கள். வேப்பமரம், புளியமரம் நிழல் விழுகிற இடம் மட்டும் நோஞ்சானாக இருந்தால், நோய் புல்லில் இல்லை, நிழலில் இருக்கிறது. நேப்பியருக்கு நல்ல வெயில் வேண்டும்.

இரண்டாவது, இழுத்துப் பாருங்கள். லேசாகக் கையோடு வந்தால் வேர்ப்புழு. தண்டிலே மண் கூடு கட்டியிருந்தால் கறையான். தூர் அசையவே இல்லை என்றால் வேர் பிடிப்பாக இருக்கிறது, வேறு காரணம் தேடுங்கள்.

மூன்றாவது, கம்பியைக் குத்திப் பாருங்கள். தண்ணி பாய்ச்சிய மறுநாள் ஒரு சாண் ஆழம் சுலபமாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மாடு மிதித்து மண் இறுகிவிட்டது என்று அர்த்தம். இறங்கியது, ஆனால் தோண்டினால் சேறும், கறுத்த வேரும், நாற்றமும் என்றால் தண்ணி தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது.

நான்காவது, அறுத்த தாளைப் பாருங்கள். தரையோடு தரையாக மழித்தால் புதிதாகக் கிளம்ப வேண்டிய மொட்டும் சேர்ந்து போய்விடும். தரையிலிருந்து ஆறு விரற்கடை விட்டு, கூர்மையான அரிவாளால் ஒரே வெட்டாக அறுக்க வேண்டும். நட்டபின் முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். அதன்பின் 45 நாளுக்கு ஒரு தடவை. அவசரப்பட்டு மாதத்துக்கு இரண்டு தடவை அறுத்தால் தூர் சேமித்து வைத்த பலம் தீர்ந்துபோகும். அறுத்த தாளிலே மாட்டை விட்டு மேய்ப்பதும் கூடாது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி வைத்தியம்.

தழைச்சத்துக் குறை என்று தோன்றினால், அப்போதும் முழுப் பாத்திக்கும் போடாதீர்கள். ஒரு பாருக்கு மட்டும் கொஞ்சம் யூரியா போட்டுத் தண்ணி கட்டுங்கள். பத்து நாளில் அந்தப் பார் மட்டும் கறுகறு என்று எழும்பினால் உங்கள் ஊகம் சரி. பிறகு ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் சென்ட்டுக்கு அரைக் கிலோ யூரியா ஈரத்திலே போட்டு வாருங்கள். மிச்ச மூட்டையை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள். யூரியாவை நக்கிய மாடு செத்துப்போகும்.

இரும்புக் குறைக்கு, 10 லிட்டர் தண்ணியில் 50 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலை நனையத் தெளிக்கலாம். உப்பு, களர் நிலத்துக்கு மண் பரிசோதனை செய்யாமல் எதுவும் போட வேண்டாம். நாலைந்து இடத்தில் ஒரு சாண் ஆழம் ‘வி’ வடிவமாக வெட்டி, மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். ஜிப்சம் வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

தண்ணி தேங்கினால் ஓரமாக வடிகால் வெட்டுங்கள். மண் இறுகியிருந்தால் அறுப்பு முடிந்ததும் பாரின் இரு பக்கமும் கொத்தி, மக்கின தொழு உரத்தைச் சென்ட்டுக்கு நூறு கிலோ போட்டு மண் அணையுங்கள். மக்காத பச்சைச் சாணம் வேண்டாம், அது கறையானை வரவழைக்கும்.

வேர்ப்புழு இருந்தால் அந்தத் திட்டைக் கொத்திப் புரட்டிவிட்டு, கோழிகளை அவிழ்த்து விடுங்கள். சென்ட்டுக்கு ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். கோடை மழைக்குப் பின் அந்தி நேரத்தில் வேம்பிலும் முருங்கையிலும் வந்து உட்காருகிற வண்டுகளை உலுக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணியில் போட்டால் அடுத்த தலைமுறைப் புழு குறையும். கண்ட விஷ மருந்தையும் தீவனப் புல்லுக்குப் போடாதீர்கள். புல்லை மாடு தின்கிறது, பாலை நம் குழந்தை குடிக்கிறது.

காலி இடத்தை நிரப்ப, மூன்று மாதம் முற்றிய தண்டில் இருபரு கரணையாக வெட்டுங்கள். ஒரு பரு மண்ணுக்குள், ஒரு பரு மேலே. பாருக்குப் பார் இரண்டு அடி விடுங்கள். நட்ட அன்றே தண்ணி, மூன்றாம் நாள் உயிர்த் தண்ணி, பிறகு பத்து நாளுக்கு ஒன்று. இருபதாம் நாள் களை எடுங்கள். பழைய தூர் நடுவிலே செத்து வளையம் மாதிரி ஆகியிருந்தால், வெளிப் பக்கத்துத் தளிரை வேரோடு பிரித்து நடலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. புல் தேறி வந்தவுடனே இளம் புல்லை மட்டும் வயிறு நிறையப் போட்டுவிடாதீர்கள். இளம் நேப்பியரில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. அது மாட்டின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். வைக்கோலும், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனமும் கலந்து கொடுங்கள்.

ஆக, முதலில் பாருங்கள், இழுங்கள், குத்துங்கள், தோண்டுங்கள். அப்புறம் உரக்கடைக்குப் போங்கள். பாதி நோய்க்கு அங்கே போகவே தேவைப்படாது.