அய்யலூர் பையன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

அய்யலூர் வியாழன் சந்தையில் ஆட்டை விற்றவருக்குப் பணம் கைக்கு வந்ததும் கணக்கு முடிந்தது. அதே ஆடு அடுத்த சந்தையில் இரண்டு மடங்கு விலைக்குக் கைமாறினாலும் வளர்த்தவருக்கு ஒரு பைசா வராது. கால்பந்துச் சந்தையில் அப்படியில்லை. ஒரு வீரருக்குச் சிறுவயதில் பயிற்சி கொடுத்த கிளப்புக்கு, அந்த வீரர் பிற்பாடு வெளிநாட்டு கிளப்புக்கு விலைபோகும்போது பங்கு உண்டு. நம் பக்கம் பந்து உதைக்கும் பையன்களின் வீடுகளில் இது யாருக்கும் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

கால்பந்து வீரர் விக்டர் ஒசிம்ஹென் கதையைப் பையன்கள் செல்போனில் பார்த்திருப்பார்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில், நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஓடி ஓடித் தண்ணீர் விற்ற பிள்ளை. ஒலுசோசுன் குப்பைமேட்டைக் கிளறி பூட்ஸ் தேடியதை அவரே சொல்லியிருக்கிறார். இடது காலுக்கு ஒரு கம்பெனி பூட்ஸ் கிடைக்கும், வலது காலுக்கு வேறு கம்பெனி. போட்டுக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

2015-ல் சிலியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 10 கோல். 18 வயது முடிந்த கையோடு, 2017 ஜனவரியில் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் கிளப். அங்கே லீக்கில் ஒரு கோல்கூட வரவில்லை. பெல்ஜியத்தில் கடன் வீரராக மீண்டு, பிரான்ஸ் வழியாக இத்தாலி போனார். 2022-23 சீசனில் அவர் அடித்த 26 கோல்கள், 33 வருடங்களுக்குப் பிறகு அங்குள்ள நாப்போலி கிளப்புக்கு லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தன. 2025-ல் துருக்கியின் கலட்டசராய் அவரை 7.5 கோடி யூரோவுக்கு வாங்கியது.

இந்தத் தொகையில்தான் விஷயம் இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு வீரர் நாடு விட்டு நாடு மாறினால், விலையில் 5 சதவீதம் அவருக்கு 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், அதற்குப் பிறகு 0.5. ஏழரைக் கோடி யூரோவில் கால் சதவீதம் 1,87,500 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலே 1.87 கோடி ரூபாய்! ஒரே ஒரு வருடம் பயிற்சி கொடுத்ததற்கு. ஒரு பேரூராட்சியில் புல்தரை மைதானமே போட்டுவிடலாம்.

ஆனால், அந்த வருடம் பையன் எந்த கிளப்பில் இருந்தான் என்பது பதிவில் இருக்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து பாரிஸில் ஃபிஃபாவின் தீர்வகம் (கிளியரிங் ஹவுஸ்) இதற்காகவே இயங்குகிறது. எந்த வயதில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்று காட்டும், வீரரின் மின்னணுப் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் அங்கே பங்கு பிரிக்கிறார்கள். பதிவில் பெயர் இல்லாத கிளப்புக்குப் பங்கு இல்லை.

நம் பக்கம் என்ன நடக்கிறது? கோடை டோர்னமென்டில் நோட்டைக் கிழித்து ‘செந்தில், 10-ஆம் நம்பர்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாள் காற்றோடு போகிறது. அடுத்த வாரம் அதே பையன் வேறு டீமுக்கு வேறு வயதில் ஆடுகிறான். சொந்தக் காசில் பந்து வாங்கி, விடியற்காலையில் பயிற்சி கொடுத்த அண்ணனின் உழைப்புக்கு எழுத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

இங்கிருந்து எவன் ஐரோப்பா போகப்போகிறான் என்று கேட்பவர்கள் உண்டு. பைச்சுங் பூட்டியா 1999-லேயே இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனார். சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன், 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூருக்காக கோல் அடித்தார். கண்டனூரில் கிளம்பும் கால் அய்யலூரில் கிளம்பாதா?

டீம் நடத்தும் அண்ணன்மார்களே, டீமை முதலில் மாவட்டக் கால்பந்து சங்கத்தில் சேருங்கள். பையனுக்கு 12 வயது ஆகும் வருடமே, உண்மையான பிறந்த தேதியோடு அவன் பெயரைப் பதியுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஜெர்சிக்கு வசூல் செய்வது அதற்கப்புறம் இருக்கட்டும்.