கைத்தொலைபேசித் தடைக்கான செலவை ஏற்பவர் யார்?



“பாடசாலைகளில் கைத்தொலைபேசி தடைசெய்யப்பட வேண்டுமா?” என்பது கட்டுரைக்கும் விவாதத்துக்கும் அடிக்கடி தரப்படும் தலைப்பாகும். பலர் நன்மை, தீமைகளை வரிசையாக எழுதி, “எனவே தடைசெய்ய வேண்டும்” என்று முடித்துவிடுகின்றனர். அத்தடையை நடைமுறைப்படுத்த என்ன செலவாகும், அதனை ஏற்பவர் யார் என்ற வினாக்களை எழுப்புவோர் குறைவு. ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகர அனுபவத்தின் மூலம் இதனை விளங்கிக்கொள்வோம்.

1. முதலாவது தடை

நியூயோர்க் நகர அரசாங்கப் பாடசாலைகளுக்குக் கைத்தொலைபேசி கொண்டுவருவது 2015 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. மேயர் மைக்கல் புளூம்பேர்க்கின் காலத்தில், 2006 இல், இத்தடை கடுமையாக்கப்பட்டது. பிள்ளைகளின் பயணப் பாதுகாப்பைக் காட்டிப் பெற்றோர் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். எனினும் நீதிமன்றங்கள் தடை செல்லுபடியாகும் என்றே தீர்ப்பளித்தன.

ஆயினும் தடையின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. வாயிலில் உலோகங்களைக் கண்டறியும் கருவி இல்லாத பாடசாலைகளில் மாணவர் தொலைபேசியைப் பைக்குள் மறைத்து வைத்தனர். ஆசிரியர் பலர் கண்டும் காணாதவர் போல் இருந்தனர். கருவி இருந்த பாடசாலைகளில் மறைக்க வழியில்லை. அவற்றுட் பல, வருமானம் குறைந்த குடும்பங்கள் வாழும் பகுதிகளில் இருந்தன. அம்மாணவர்கள் பாடசாலைக்கு அருகில் நின்ற தனியார் லொறிகளிலும் கடைகளிலும் நாளொன்றுக்கு 1 டொலர் அளவில் கொடுத்துத் தொலைபேசியை ஒப்படைத்தனர்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 180 பாடசாலை நாட்களுக்கு 180 டொலர். அரசாங்கம் ஏற்காத செலவை ஏழை மாணவன் தன் மதிய உணவுக் காசிலிருந்து கொடுக்க நேரலாம். 2015 மார்ச்சில், மேயர் பில் டி பிளாசியோவின் காலத்தில், இத்தடை நீக்கப்பட்டது. இச்சமமின்மையும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

2. செலவின் வகைகள்

(அ) பணச் செலவு: பூட்டும் பைகள், பெட்டகங்கள், அவற்றின் பராமரிப்பு.

(ஆ) நேரச் செலவு: தொலைபேசிகளைச் சேகரிக்கவும் திருப்பிக் கொடுக்கவும் நாளொன்றுக்கு 5 நிமிடம் செல்வதாகக் கொள்வோம். 180 நாட்களில் அது 900 நிமிடம், அதாவது 15 மணித்தியாலம். 40 நிமிடப் பாடவேளைகளாக எண்ணினால் 22 பாடவேளைகளுக்கும் அதிகம். அந்நேரத்தில் கற்பித்திருக்கக்கூடிய பாடமே இதன் அமையச் செலவாகும்.

(இ) ஒழுக்காற்றுச் செலவு: விதியை மீறியவருக்கான தண்டனை, அதனால் ஏற்படும் பிணக்குகள், வகுப்பிழப்பு.

3. இரண்டாவது தடை

2025 செப்டெம்பர் முதல், நியூயோர்க் மாநிலம் முழுவதும் பாடசாலை தொடங்குவதிலிருந்து முடியும்வரை திறன்பேசிப் பாவனையைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இம்முறை, தொலைபேசிகளை வைப்பதற்கான வசதிகளுக்கென மாநில அரசு 13.5 மில்லியன் டொலர் ஒதுக்கியது. ஏறத்தாழ 25 இலட்சம் மாணவருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சுமார் 5 டொலரே வரும். எனவே விலை கூடிய பைகளை வாங்க விரும்பும் பாடசாலை மீதிப் பணத்தை வேறு வழியில் தேட வேண்டும்.

மருத்துவத் தேவை, மொழிபெயர்ப்புத் தேவை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பிள்ளையுடன் பெற்றோர் தொடர்புகொள்ளப் பாடசாலை வழி செய்ய வேண்டும். தொலைபேசி வைத்திருந்த காரணத்துக்காக மட்டும் மாணவரை வகுப்புத்தடை செய்ய முடியாது. முதலாவது தடையின்போது எழுந்த முறைப்பாடுகள் சிலவற்றுக்கு இவ்விதிகள் விடையளிப்பதைக் கவனியுங்கள்.

4. நன்மையையும் நிறுத்துப் பாருங்கள்

செலவு உண்டு என்பதால் தடை வீணானது என்று முடிவு செய்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பாடசாலைகளை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஆய்வொன்று, தடையின் பின் பரீட்சைப் பெறுபேறுகள் ஓரளவு உயர்ந்ததாகக் கூறியது. கூடிய நன்மை பெற்றவர்கள் கல்வியில் பின்தங்கிய மாணவர்களே. ஆகவே, சரியாக நடைமுறைப்படுத்தினால் தடை உதவுவதும் அவர்களுக்கே. தவறாக நடைமுறைப்படுத்தினால் அதன் செலவைச் சுமக்க நேர்வதும் பெரும்பாலும் வசதி குறைந்தவர்களுக்கே.

நினைவிற் கொள்க: ஒரு விதிக்கு அரசு பணம் ஒதுக்காவிட்டால் அதன் செலவு மறைந்துவிடுவதில்லை, வேறொருவரின் தோளுக்கு மாறுகின்றது. நீங்கள் எந்த விதியை ஆதரித்தாலும் எதிர்த்தாலும், அந்தத் தோள் யாருடையது என்பதையும் விடையில் எழுதுங்கள்.

பயிற்சி: உங்கள் பாடசாலையிலுள்ள ஒரு விதியைத் தெரிவுசெய்க. அதன் பணச் செலவு, நேரச் செலவு என்பவற்றையும் அவற்றை ஏற்பவர்களையும் குறிப்பிட்டு, அச்செலவுக்கு அவ்விதி தகுமா என 100 சொற்களில் விளக்குக.