முதுகலை ஓவியக் கல்வி: தொகுப்பில் எதைக் காட்டுவது?

பிள்ளை மருத்துவமோ பொறியியலோ கற்க விரும்பினால் அதற்கான வழி எம்மவர் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி வேண்டும், யாரிடம் ரியூசனுக்கு அனுப்பலாம் என்பவை கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் பேசப்படும் சங்கதிகள். ஆனால் ஓவியத்தில் முதற் பட்டம் பெற்ற மகளோ மகனோ முதுகலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகக் கூறினால் வீடு திகைத்துப் போகிறது. அங்கே புள்ளிகளை விட 'போட்போலியோ' எனப்படும் ஆக்கத் தொகுப்புக்கே மதிப்பு அதிகம். அதனை எவ்வாறு அமைப்பது என்று சொல்லித்தர வீட்டிலோ சுற்றத்திலோ ஆள் இல்லாமையால், திறமையுள்ள எமது பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்விடயத்தை இங்கு எடுத்துக்கொண்டோம்.

இலண்டனில் 1837 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட றோயல் கொலிஜ் ஒஃப் ஆர்ட், 1871 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிலேட் ஓவியப் பள்ளி முதலியனவாயினும், வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களாயினும், பெரும்பாலும் கேட்பவை மூன்று: ஆக்கங்களின் படங்கள், ஒவ்வொன்றையும் பற்றிய சிறு குறிப்பு, விண்ணப்பதாரர் தமது கலைமுயற்சியை விளக்கும் அறிக்கை. 15 முதல் 20 வரையான படங்களைக் கேட்பது பரவலான வழக்கம். முன்னர் 35 மில்லிமீற்றர் சிலைட்டுகளாக அஞ்சலில் சென்றவை இன்று கணினி வழியே செல்கின்றன. ஆனால் தெரிவுக் குழுவினர் அவற்றில் தேடும் விடை மாறவில்லை. யாரும் கேளாமலே நீங்கள் திரும்பத் திரும்பச் செய்துவருவது எது, அதனால் எதைக் கண்டறிய முயல்கிறீர்கள் என்பதே அவர்களின் கேள்வி.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். ஓர் உருவப்படம், ஒரு நிலக்காட்சி, ஒரு களிமண் சிற்பம், ஒரு கோயிற் கோபுரம் என 'எல்லாம் தெரியும்' என்று காட்ட முனைகின்றனர். முதற் பட்டத்துக்கு அது பொருந்தலாம். முதுகலையிலோ கைத்திறன் ஏற்கெனவே உண்டென்று கொள்ளப்படுகிறது. ஓர் உதாரணம் கொள்வோம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் இளைஞர் ஒருவர், பற்றுச்சீட்டுக் கடதாசியின் பின்புறத்தில் வாடிக்கையாளரின் கைகளை இரண்டு ஆண்டுகளாக வரைந்து வருகிறார் என வைத்துக்கொள்வோம். வீட்டார் அதனைக் கிறுக்கல் என்பர். தெரிவுக் குழுவோ, பிறர் சொல்லி வரைந்த பத்துத் தைலவண்ண ஓவியங்களை விட அதனையே கூர்ந்து நோக்கும். அந்தக் கைகள் பின்னர் பெரிய ஓவியமாகவோ, அச்சாகவோ, ஒளிப்படமாகவோ எவ்வாறு வளர்ந்தன என்று படிப்படியாகக் காட்டினால் அதுவே நல்ல தொகுப்பு.

அகதிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. முட்கம்பி, படகு, எரியும் பனைமரம் ஆகியவற்றை வரைந்தால் இடம் கிடைக்கும் என்று ஆலோசனை கூறுவோர் இருக்கின்றனர். எமது துயரம் உண்மையானது. அதனை வரைய எமது பிள்ளைகளுக்கு முழு உரிமையும் உண்டு. எனினும், பிறர் எதிர்பார்க்கும் சின்னங்களாக அது மாறும்போது வரைந்தவர் மறைந்துபோகிறார்.

பெய்ரூட்டில் பிறந்த பாலஸ்தீனக் கலைஞர் மோனா ஹற்றூம், 1975 இல் லெபனானில் போர் மூண்டபோது இலண்டனில் இருந்தார். திரும்ப முடியாமல் அங்கேயே தங்கி, பின்னர் சிலேட் பள்ளியில் பயின்றார். பிரிவைப் பற்றி 1988 இல் அவர் ஆக்கிய காணொளிப் படைப்புக்கு எடுத்துக்கொண்டது, தாயார் தமக்கு எழுதிய கடிதங்களையே. யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன், 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் தமது 2011 ஆம் ஆண்டு நூலுக்கு, இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளின் நிலப்படங்களை நினைவிலிருந்து வரைந்தவற்றை அடிப்படையாகக் கொண்டார். ஒருவருக்குக் கடிதம், மற்றவருக்கு வீட்டின் நிலப்படம். இருவரும் பெருந்துயரைக் கைக்கெட்டும் ஒரு பொருளின் வழியாகவே அணுகினர். எமது பிள்ளைகளும் தமக்குரிய பொருளைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். அது போரோடு தொடர்பற்றதாக இருப்பினும் குறையில்லை.

இனி, செய்முறை பற்றிச் சில. ஓவியங்களை வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, பிளாஷ் இன்றிப் படமெடுக்க வேண்டும். பெரிய ஆக்கமாயின் முழுமையாக ஒன்றும் நுணுக்கத்தைக் காட்ட ஒன்றும் எடுப்பது நல்லது. குறிப்பில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவை இடம்பெற வேண்டும்; அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தைப் பின்னும் எழுதுவது மரபு. மிக வலுவான ஆக்கங்களைத் தொடக்கத்திலும் முடிவிலும் வைக்கலாம். குறிப்பேட்டுப் பக்கங்களை அனுமதிக்கும் கல்லூரிக்கு அவற்றிற் சிலவற்றைச் சேர்ப்பது சிந்தனையின் போக்கைக் காட்டும். இடப்பெயர்வில் பழைய ஆக்கங்கள் தொலைந்திருப்பின் அவற்றை மீள வரையலாம். அப்போது வரைந்த ஆண்டையே குறிப்பிட வேண்டும். அறிக்கையில் 'கலை என் உயிர்' போன்ற தொடர்களைத் தவிர்த்து, எதைச் செய்கிறோம், எப்படிச் செய்கிறோம், அடுத்து எதை முயலவிருக்கிறோம் என்பவற்றை எளிய வாக்கியங்களில் எழுதினாற் போதும்.

கட்டண விடயத்தில் கூடிய கவனம் தேவை. இங்கிலாந்தில் அகதி அந்தஸ்துப் பெற்றவர், உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணத்துக்குப் பொதுவாக உரித்துடையவர். புகலிட விண்ணப்பம் முடிவாகாதவருக்கு அவ்வுரிமை தானாகக் கிடைப்பதில்லை. ஆகவே விண்ணப்பிக்கு முன்னரே கல்லூரியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பழைய குறிப்பேடுகளையும் கிழிந்த கடதாசிகளையும் குப்பை என்று வீசிவிடாதீர்கள். ஒரு பெட்டியில் இட்டு, ஆண்டைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்து வந்த களைப்பிலும், வாரத்தில் ஒரு மாலை பிள்ளையின் அருகே அமர்ந்து, 'இதை ஏன் வரைந்தாய்?' என்று கேட்டு, விடையைப் பொறுமையுடன் கேளுங்கள். நேர்முகத் தேர்விலும் பிள்ளை எதிர்கொள்ளப்போவது பெரும்பாலும் அக்கேள்வியையே. அதற்கு முதன்முதலில் தமிழில் விடை சொல்லிப் பழகிய பிள்ளை, அந்நிய மொழியிலும் தயங்காமல் விடை சொல்லும்.