வாசலில் திரும்பிய பத்தாயிரம் பேர்

1920 டிசம்பர் 26. லிவர்பூலில் எவர்ட்டன் அணியின் குடிசன் பார்க் மைதானத்துக்குள் 53,000 பேர். இடம் கிடைக்காமல் வாசலோடு திரும்பியவர்கள் மேலும் பத்தாயிரத்துக்கு அதிகம். ஆட வந்தவை இரண்டு பெண்கள் அணிகள்: பிரெஸ்டனின் டிக் கெர் லேடீஸ், பக்கத்து ஊரான செயின்ட் ஹெலன்ஸ். பெண்கள் கிளப் ஆட்டம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய கூட்டம் கூட 2019 மார்ச் வரை, மாட்ரிட்டில் 60,739 பேர் திரளும்வரை, உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் என்ன ஆயிற்று?

டிக் கெர், லங்காஷயர் வட்டாரத்தின் பிரெஸ்டன் நகரில் டிராம், ரயில் சாதனங்கள் செய்த கம்பெனி. முதல் உலகப் போரில் அங்கே வெடிமருந்துத் தளவாடங்கள் தயாராயின. ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் ஆலைக்குள் வந்தார்கள். மதிய இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்தவர்கள், 1917 அக்டோபரில் ஆண் தொழிலாளர்களை ஆட்டத்துக்கு அழைத்தார்கள். அலுவலக ஊழியர் ஆல்ஃபிரட் ஃபிராங்க்லேண்ட் அவர்களை முறையான அணியாகத் திரட்டினார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்றே பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் 10,000 பேர் முன்னிலையில் இன்னொரு ஆலை அணியை 4-0 என்று வென்றார்கள். வசூல் 200 பவுண்டுக்கு மேல். காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்குப் போனது அந்தப் பணம்.

ஆட்டக்காரிகளுக்குக் கிடைத்ததோ ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங் பேட்டா. மறுநாள் காலை வழக்கம்போல் வேலை.

1920 டிசம்பரில் டீப்டேலில் நடந்த இரவு ஆட்டம் அவர்களுடைய துணிச்சலுக்கு நல்ல சாட்சி. மைதானத்தில் மின்விளக்கு கிடையாது. போர்க்காலத்தில் விமானங்களைத் தேடப் பயன்பட்ட ராணுவ விளக்குகள் இரண்டைக் கடனாக வாங்கிவந்தார்கள். அனுமதி தந்தவர் அன்றைய போர்த்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். தோல் பந்து இருட்டில் தெரியாது என்பதால் அதற்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஈரப் புல்லில் புரண்டு வெள்ளை போனதும் வேறு பந்து. வேலையிழந்த முன்னாள் சிப்பாய்களுக்காக நடந்த அந்த ஆட்டத்தைப் பார்க்க 12,000 பேர் வந்தார்கள்.

பத்து நாளில் குடிசன் பார்க். அணியின் கோல் இயந்திரமான ஃபுளோரி ரெட்ஃபோர்டு ரயிலைத் தவறவிட்டார். தற்காப்பில் நின்ற கேப்டன் ஆலிஸ் கெல் இரண்டாம் பாதியில் முன்வரிசைக்கு ஏறி ஹாட்ரிக் போட்டார். முடிவு 4-0, வசூல் 3,115 பவுண்டு. இடது ஓரத்தில் ஆடிய லில்லி பார் அப்போது பதினைந்து வயதுப் பெண். ஏறக்குறைய ஆறடி உயரம், ஆண்களே மிரளும் இடங்கால் உதை. 2002இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்த முதல் பெண் அவர்தான்.

1921இல் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அதே ஆண்டு சுரங்க முதலாளிகள் கதவடைப்பு செய்ய, பட்டினியில் விழுந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடி நிதி திரட்டின. சிப்பாய்களுக்கு உதவியபோது பாராட்டியவர்கள் இப்போது முகம் சுளித்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 5இல் இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்றது. வசூலில் பெரும்பங்கு செலவுக்கே போகிறது என்றும் குற்றம் சாட்டியது. பெண்கள் ஆடுவதைச் சட்டப்படி தடுக்க அதற்கு அதிகாரமில்லை. ஆனால் நல்ல மைதானங்கள் எல்லாம் அதன் உறுப்பினர் கிளப்புகள் கையில். அவற்றைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று உத்தரவிட்டால் போதும். கேலரி இல்லை என்றால் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லை என்றால் செய்தி இல்லை. பெண்கள் ஆட்டத்தை மக்கள் மறந்ததாகச் சொல்வது நியாயமே இல்லை. பார்க்கும் இடத்தைப் பறித்துவிட்டுப் பார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

டிக் கெர் பெண்கள் பூங்காக்களிலும் வேறு விளையாட்டுத் திடல்களிலும் ஆடினார்கள். 1922இல் கப்பலேறினார்கள். கனடாவில் அனுமதி கிடைக்காததால் அமெரிக்காவில் ஆண்கள் அணிகளோடு மோதினார்கள். அவற்றில் சிலவற்றை வென்றும் காட்டினார்கள். 1926இல் ஆலையோடு பிணக்கு வந்து, பெயர் பிரெஸ்டன் லேடீஸ் ஆனது. 1965இல் கலையும்வரை 828 ஆட்டங்கள் ஆடி 758இல் வென்றதாகக் கணக்கு.

மைதானத் தடை 1971இல் நீங்கியது. சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல். இங்கிலாந்துப் பெண்கள் அணியின் அதிகாரபூர்வ வரலாறு 1972 நவம்பரில் ஸ்காட்லாந்தை 3-2 என்று வென்ற ஆட்டத்தில் தொடங்குகிறது. 1920இல் பிரான்சிலிருந்து வந்த அணியோடு ஆடிய பிரெஸ்டன் பெண்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களைச் சேர்த்தாக வேண்டும்.