நாற்சில்லு உழவு யந்திரத்துக்குப் பெரிய ரயர் பூட்டலாமா?

பெரும்போக மழை தொடங்கியபின் வயலிற் புதையும் உழவு யந்திரத்தால் இடர்ப்படும் கமக்காரர் பலர், பின்சில்லுகளுக்கு இன்னும் பெரிய ரயர் பூட்டினால் இத்தொல்லை நீங்குமெனக் கருதுகின்றனர். இக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ரயர் பெரிதாகும்போது அச்சு, கியர், பிரேக் முதலிய உறுப்புகள் பழைய அளவிலேயே இருக்கின்றன என்பதைப் பணம் செலவிடுமுன் சிந்தித்தல் வேண்டும்.

ரயரின் பக்கத்தில் 13.6-28 என்றாற்போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னைய எண் ரயரின் அகலத்தையும், பின்னையது றிம்மின் விட்டத்தையும் அங்குலக் கணக்கிற் குறிப்பன. 13.6-28 இருந்த இடத்தில் 14.9-28 பூட்டினால் அகலம் மட்டுமன்றி வெளிவிட்டமும் ஏறக்குறைய 2 அங்குலம் கூடும். 16.9-28 பூட்டினால் அது நூற்றுக்குப் பத்து வீதமளவுக்குக் கூடிவிடும்.

அகலத்தினால் வருவது நன்மை. யந்திரத்தின் பாரம் பரந்த இடத்திற் பகிரப்படுவதால் மேல்மண் குறைவாக அமுங்கும். காற்றையும் சற்றுக் குறைத்து அடைக்கலாம். 1932இல் அமெரிக்காவில் அலிஸ்-சால்மர்ஸ் கம்பனியார் இரும்புச் சில்லுக்குப் பதிலாகக் காற்று ரயர் பூட்டிய உழவு யந்திரத்தை விற்கத் தொடங்கியபோது, அது வயலிற் செவ்வையாக ஓடியதற்குக் காரணமும் காற்றைக் குறைவாக அடைத்தமையே.

உயரத்தினால் வருவதோ நட்டம். அச்சைத் திருப்பும் விசை மாறாதிருக்க, அச்சுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள தூரம் பத்தில் ஒரு பங்கு கூடுமாயின், சில்லு நிலத்தைத் தள்ளும் வலு பதினொன்றில் ஒரு பங்கு குறையும். ஒவ்வொரு கியரிலும் வேகம் அதே அளவுக்குக் கூடும். ஆகவே மிகத் தாழ்ந்த கியரிலும் யந்திரம் விரைந்து செல்ல, ரொட்டவேற்றர் மண்ணைப் போதிய அளவு பொடியாக்காது கட்டிகளை விட்டுச்செல்லும். பிரேக்கின் பிடியும் இவ்வாறே தளரும். நெல்மூடைகள் ஏற்றிய பெட்டியுடன் அணைக்கட்டுச் சரிவில் இறங்கும் நாளிலேதான் இதனைச் சாரதி உணர்வார்.

நான்கு சில்லும் இழுக்கும் யந்திரமாயின் பின்ரயரை மட்டும் பெரிதாக்குதல் ஒருபோதும் தகாது. முன்சில்லும் பின்சில்லும் கியர்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. பின்சில்லு ஒரு சுற்றில் முன்னையிலும் கூடிய தூரம் செல்ல முற்படும்போது முன்சில்லு இழுபட்டுத் தேயும்; இரண்டுக்கும் இடையே அகப்பட்ட கியர்களும் கேடுறும்.

பெரிய ரயர் வாங்க எண்ணுபவர் முதலில் ஒரு சோதனை செய்து பார்த்தல் நன்று. பின்ரயரின் பக்கத்திற் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இடுக. கலப்பையை உயர்த்தி வைத்துக்கொண்டு உறுதியான நிலத்தில் யந்திரத்தைச் செலுத்தி, சில்லு பத்து முறை சுற்றும் தூரத்தை அளக்க. 13.6-28 ரயராயின் அது 40 மீற்றர் அளவில் இருக்கும். பின்னர் உழும்போது பத்துச் சுற்றுக்குரிய தூரத்தை அளக்க. 40 மீற்றர் 35 ஆகக் குறைந்தால் வழுக்கல் நூற்றுக்குப் பன்னிரண்டரை. புழுதி உழவில் இது குறையன்று. 28 ஆகக் குறைந்தால் டீசலில் பெரும்பங்கு சில்லைச் சுழற்றுவதிலேயே வீணாகின்றது.

வீணாவதற்கு ரயரின் அளவே காரணமென்று உடனே முடிவு செய்தல் ஆகாது. பெரும்பாலும் பல் தேய்ந்த ரயரே குற்றவாளி. அதே அளவிற் புது ரயர் போட்டாற் பிடிப்பு மீளும். வீதிக்கென அடைத்த காற்றைக் குறைக்காமலே வயலில் இறங்குவோரும் உளர். இன்னுஞ் சிலர் ரயரைத் திருப்பிப் பூட்டியிருப்பர். யந்திரத்தின் பின்னே நின்று நோக்கும்போது பற்களின் கூர்முனை மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அப்பொழுதே கூர்முனை முதலில் மண்ணிற் பதிந்து, சேற்றை இருபுறமும் ஒதுக்கும். இவற்றைத் திருத்துவதற்குச் செலவு சிறிது; சிலவற்றுக்குச் செலவே இல்லை.

சேற்றுழவுக்கு வேறொரு கணக்கு உண்டு. வயலில் உழும் மண்ணுக்குக் கீழே இறுகிய படை ஒன்று இருக்கின்றது. நீரை வடியவிடாது காப்பதும் யந்திரத்தைத் தாங்குவதும் அதுவே. ஆழமான பற்களையுடைய பெரிய ரயர் ஓரிடத்தில் நின்று சுழன்று அப்படையை உடைத்துவிட்டால், அவ்விடம் போகந்தோறும் யந்திரத்தை விழுங்கும் குழியாகும். களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சதுப்பு வயல்களில் இத்தகைய படையே இல்லாத இடங்கள் பல. அங்கு எவ்வளவு பெரிய ரயர் பூட்டினும் நாற்சில்லு யந்திரம் பயன்படாது. இரும்புச் சில்லு பூட்டிய இருசில்லு யந்திரமே ஏற்றது. இறுகிய படையுள்ள வயலிலும், ரயரோடு சேர்த்துப் பூட்டும் இரும்புச் சில்லு சேற்றுக்குப் பெரிய ரயரிலும் மேலானது. வீதிக்கு ஏறுமுன் அதனைக் கழற்றிவிடுக.

எல்லாவற்றையும் ஆராய்ந்தபின் பெரிய ரயரே தேவையெனக் காணின், யந்திரத்தின் கைநூலில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் ஒரு படி மட்டும் உயர்த்துக. றிம்மின் அகலம் புது ரயருக்குப் பொருந்துமா எனக் கேட்டறிக. ஒடுங்கிய றிம்மில் அகன்ற ரயர் உருண்டு திரண்டு நடுப்பல் மட்டுமே தேயும். மட்காட்டுக்கும் கலப்பை தூக்கும் கைகளுக்கும் ரயர் உரசாமல் இடைவெளி இருத்தல் வேண்டும். இரு பின்ரயர்களையும் ஒருங்கே மாற்றுக. முதல்நாள் வேலை முடிந்ததும் சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்குக.

ரயர் எதுவாயினும், புதைந்த யந்திரத்தின் பின்சில்லில் மரக்கட்டையைக் கட்டி வெளியேற முயலுதல் உயிருக்கு ஆபத்தானது. கட்டை சில்லைச் சுழலவிடாது தடுக்க, யந்திரமே பின்னச்சைச் சுற்றி முன்பக்கம் எழும்பிச் சாரதியின்மேல் கவிழும். குதித்துத் தப்ப நேரமிராது. கலப்பையைக் கழற்றி, சில்லின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி, வேறொரு யந்திரத்தால் நீண்ட சங்கிலி கொண்டு மெல்ல இழுப்பிக்க. சங்கிலியைத் தாழ்ந்த கொளுவியிலேயே மாட்டுதல் வேண்டும். சங்கிலி அறுந்தால் எட்டக்கூடிய தூரத்துக்குள் ஒருவரையும் நிற்கவிடலாகாது.