இறுகிய சுரையும் நீண்ட சாவியும்

மாணவர்களே, விசைத் திருப்பம் என்பது விசையினதும் சுழலச்சிலிருந்து அதன் தாக்கக்கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தினதும் பெருக்கமாகும்.

2013 இல் அறிமுகமான போர்ஷே 911 ஜீ.ரி.3 ஸ்போர்ட்ஸ் காரின் ஒவ்வொரு சில்லையும் நடுவிலுள்ள ஒரே சுரை பிடித்திருக்கும். அதனை இறுக்கும் திருப்பம் 600 நியூற்றன் மீற்றர். இறுகிப்போன சுரையைக் கழற்ற இதனிலும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

600 நியூற்றன் மீற்றரைப் பெற,
50 சென்ரிமீற்றர் சாவியில்: 600 ÷ 0.5 = 1200 நியூற்றன்
150 சென்ரிமீற்றர் சாவியில்: 600 ÷ 1.5 = 400 நியூற்றன்

நீளம் மும்மடங்கானால் விசை மூன்றிலொன்றாகும். சுரை அசையாவிடின் கையின் பலத்தையல்ல, சாவியின் நீளத்தையே முதலில் பாருங்கள். விசையைச் சாவிக்குச் செங்குத்தாகப் பிரயோகியுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். இல்லையேல் சுரையுடன் சில்லும் சுழலும்.

கவனிக்க: சென்ரிமீற்றரை மீற்றராக மாற்ற மறந்தால் விடை பிழைக்கும்; கைக்கெட்டிய புள்ளியை இழப்பீர்கள்.